மலேரியா ஒட்டுண்ணி ரத்த சிவப்பணுவுக்குள் நுழைவது எப்படி? ஒரே நிமிடத்தில் முடியும் ஊடுருவல்

கொசு கடித்த உடனே யாருக்கும் மலேரியா காய்ச்சல் வந்துவிடுவதில்லை. ஒரு வாரமோ இரண்டு வாரமோ எந்தத் தொந்தரவும் இருக்காது. பிறகு ஒரு நாள் உடம்பு தூக்கிப் போடும் அளவுக்கு நடுங்கும். போர்வை மேல் போர்வை போட்டாலும் குளிர் அடங்காது. அடுத்து காய்ச்சல் கொதிக்கும், பிறகு வியர்த்துக் கொட்டி இறங்கும். 'அப்பாடா, சரியாகிவிட்டது' என்று நினைத்தால், ஒரு நாள் விட்டு அதே நடுக்கம் மறுபடியும் வந்து நிற்கும்.

இந்த நடுக்கத்துக்குக் காரணம், உங்கள் ரத்த சிவப்பணுக்கள் கூட்டம் கூட்டமாக ஒரே சமயத்தில் வெடிப்பதுதான். வெடித்த அணுவிலிருந்து வெளியே வரும் மலேரியா ஒட்டுண்ணிகள், உடனடியாக அடுத்த சிவப்பணுவைப் பிடித்து உள்ளே புகுந்துகொள்கின்றன. இந்தக் கூடு விட்டுக் கூடு பாயும் வேலைக்கு அவை எடுத்துக்கொள்ளும் நேரம் சுமார் ஒரு நிமிடம்.

ரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணி பெருகும் காலத்தில், அது நம் நோயெதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் நேரடியாகப் படுவது கிட்டத்தட்ட அந்த ஒரு நிமிடம் மட்டும்தான். அந்த நிமிடத்தில் என்ன நடக்கிறது, அதை வழிமறிக்க முடியுமா என்பதுதான் பல பத்தாண்டுகளாக விஞ்ஞானிகள் துரத்திக்கொண்டிருக்கும் கேள்வி. அதை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம்.

கொசு கடித்த பிறகு என்ன நடக்கிறது?

மலேரியாவை உண்டாக்குவது வைரஸும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை. பிளாஸ்மோடியம் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. இதில் மனிதர்களைத் தாக்கும் முக்கியமான 5 வகைகள் உள்ளன: ஃபால்சிபாரம், விவாக்ஸ், மலேரியே, ஓவேல், நோலெசி. இந்தியாவில் நாம் அதிகம் எதிர்கொள்வது முதல் இரண்டைத்தான். உயிரைப் பறிப்பதில் முன்னணியில் இருப்பது ஃபால்சிபாரம். திரும்பத் திரும்ப வந்து ஆளை வாட்டுவது விவாக்ஸ்.

நோயாளியின் ரத்தத்தில் இந்த ஒட்டுண்ணியை முதலில் கண்டவர் பிரெஞ்சு ராணுவ மருத்துவர் அல்போன்ஸ் லவெரான். 1880-ல் அல்ஜீரியாவில் அவர் இதைக் கண்டார். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணி வளர்வதை ரொனால்டு ராஸ் பார்த்தார். அந்த நாள்தான் இன்று உலக கொசு தினம்.

பெண் அனோஃபிலஸ் கொசு கடிக்கும்போது, அதன் உமிழ்நீரோடு ஒட்டுண்ணிகளும் நம் தோலுக்குள் இறங்குகின்றன. அங்கிருந்து ரத்தத்தில் ஏறி, கல்லீரலுக்குப் போய்ச் சேர்கின்றன. அங்கே சுமார் ஒரு வாரம் சத்தமில்லாமல் பெருகுகின்றன. இந்தக் கட்டத்தில் காய்ச்சல் இருக்காது. ரத்தப் பரிசோதனையிலும் எதுவும் தெரியாது.

கல்லீரல் செல் ஒன்றுக்குள் போன ஒரே ஒரு ஒட்டுண்ணி, பல்லாயிரக்கணக்கான குட்டி ஒட்டுண்ணிகளாகப் பெருகி வெளியே வரும். மெரோசோய்ட் என்று பெயர் கொண்ட இவைதான் சிவப்பணுக்களைத் தாக்கும் படை. நம் கதையின் நாயகனும் வில்லனும் இதுதான்.

அது ஏன் சிவப்பணுவைத் தேடிப் போகிறது?

முதல் காரணம், எண்ணிக்கை. வளர்ந்த ஒருவர் உடம்பில் 20 முதல் 25 லட்சம் கோடி சிவப்பணுக்கள் இருக்கின்றன. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று தட்டுப்படும்.

இரண்டாவது, சாப்பாடு. சிவப்பணு முழுக்க ஹீமோகுளோபின் என்ற புரதம் நிரம்பியிருக்கிறது. ஒட்டுண்ணிக்கு அது வீட்டுக்குள்ளேயே இருக்கும் களஞ்சியம்.

மூன்றாவது காரணம்தான் சுவாரஸ்யமானது. முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. உடம்பின் மற்ற செல்களுக்குள் கிருமி புகுந்தால், அவை கிருமியின் துண்டுகளைத் தங்கள் மேற்பரப்பில் தூக்கிக் காட்டி, 'இங்கே ஆள் நுழைந்துவிட்டான்' என்று பாதுகாப்புச் செல்களுக்குத் தகவல் சொல்லும். சிவப்பணுவால் அது முடியாது. உள்ளே குடியேறிய ஒட்டுண்ணிக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் ஏது?

ஆனால் இதே குணத்தில் ஒட்டுண்ணிக்கு ஒரு சிக்கலும் இருக்கிறது. பல வைரஸ்களும் பாக்டீரியாக்களும் செல்லை ஏமாற்றி, செல்லே தங்களை உள்ளே இழுத்துக்கொள்ளும்படி செய்கின்றன. முதிர்ந்த சிவப்பணு எதையும் உள்ளே இழுக்காது, விழுங்காது. அது வாசலே இல்லாத வீடு மாதிரி. உள்ளே போக வேண்டுமானால் வாசலை ஒட்டுண்ணிதான் அமைத்துக்கொள்ள வேண்டும். அதற்கான கருவிகளையும் கையோடு கொண்டுவர வேண்டும்.

அந்த ஒரு நிமிடத்தில் நடப்பது என்ன?

சிவப்பணுவின் அகலம் 7 முதல் 8 மைக்ரோமீட்டர். மெரோசோய்ட்டின் நீளம் 1 முதல் 2 மைக்ரோமீட்டர்தான். வடிவத்தில் அது ஒரு பக்கம் கூர்மையான முட்டை போல இருக்கும். அந்தக் கூர்முனைக்குள் குட்டிக் குட்டிப் பைகளில் புரதங்கள் அடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. நுழைவதற்கான மொத்தக் கருவிப்பெட்டியும் அந்த முனையில்தான்.

வெளியே வந்த மெரோசோய்ட்டுக்கு அவகாசம் அதிகம் இல்லை. சில நிமிடங்களுக்குள் அடுத்த சிவப்பணுவைப் பிடிக்காவிட்டால், அது நுழையும் திறனையே இழந்துவிடும்.

முதல் கட்டம் - ஒட்டுதல்: மெரோசோய்ட் தன் உடம்பின் எந்தப் பக்கத்தாலும் சிவப்பணுவில் ஒட்டிக்கொள்ளும். இந்தப் பிடி இன்னும் தளர்வானதுதான். வேண்டுமானால் விட்டுவிட்டு வேறு அணுவுக்குப் போகலாம்.

இரண்டாம் கட்டம் - திரும்புதல்: இப்போது அது தன் கூர்முனை சிவப்பணுவைத் தொடும்படி புரள வேண்டும். இந்த நேரத்தில் சிவப்பணுவின் மேற்பரப்பு நெளிந்து, ஒட்டுண்ணியைச் சுற்றி அலை போல எழும்பி அடங்குவதை நுண்ணோக்கி வீடியோக்களில் தெளிவாகப் பார்க்கலாம்.

மூன்றாம் கட்டம் - சாவி போடுதல்: கூர்முனையிலிருந்து வெளியே வரும் புரதங்கள், சிவப்பணுவின் மேற்பரப்பில் உள்ள குறிப்பிட்ட புரதங்களோடு பொருந்துகின்றன. உதாரணமாக, ஃபால்சிபாரத்தின் இபிஏ-175 என்ற புரதம், சிவப்பணுவின் கிளைக்கோஃபோரின்-ஏ என்ற புரதத்தைப் பிடிக்கிறது. ஃபால்சிபாரம் ஒரே சாவியை நம்பி வருவதில்லை. ஒரு கொத்துச் சாவியோடு வருகிறது. ஒன்று பொருந்தாவிட்டால் இன்னொன்றை முயன்று பார்க்கும்.

ஆனால் அந்தக் கொத்தில் ஒரு சாவிக்கு மட்டும் மாற்று கிடையாது. ஆர்ஹெச்5 என்ற அந்தப் புரதம், சிவப்பணுவில் உள்ள பேசிஜின் என்ற புரதத்தோடு சேர்ந்தே ஆக வேண்டும். 2011-ல் பிரிட்டனின் சாங்கர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த குழு இதைக் கண்டறிந்தது. சோதித்துப் பார்த்த ஃபால்சிபாரம் ரகங்கள் அனைத்துக்கும் இந்த இணைப்பு தேவைப்பட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தடுப்பூசி பற்றிப் பேசும்போது மறுபடியும் வரும்.

நான்காம் கட்டம் - கைப்பிடியை மாட்டுதல்: இதுதான் மொத்தக் கதையிலும் பெரிய தந்திரம். ஒட்டுண்ணி தன்னுடைய ஆர்ஓஎன்2 என்ற புரதத்தை சிவப்பணுவின் சவ்வுக்குள் செலுத்திப் பதித்துவிடுகிறது. பிறகு தன் உடம்பின் மேல் உள்ள ஏஎம்ஏ1 என்ற இன்னொரு புரதத்தால் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. அதாவது, வழுக்குச் சுவரில் ஏற வந்த திருடன், தானே ஒரு கொக்கியை அடித்து, அதையே பிடித்து ஏறுவது போல. பிடிக்கும் கையும் பிடியும் இரண்டுமே ஒட்டுண்ணியுடையவை.

இந்தக் கட்டத்துக்குப் பிறகு பின்வாங்கல் கிடையாது. ஒட்டுண்ணியையும் சிவப்பணுவையும் சேர்த்து ஒரு இறுக்கமான வளையம் உருவாகிவிட்டது.

ஐந்தாம் கட்டம் - உள்ளே தள்ளுதல்: ஒட்டுண்ணியின் மேல்தோலுக்குக் கீழே ஆக்டின், மயோசின் என்ற புரதங்களால் ஆன ஒரு சின்ன மோட்டார் இயங்குகிறது. நம் தசைகளை அசைக்கும் புரதங்களின் உறவுக்காரர்கள்தான் இவை. அந்த மோட்டார் ஒட்டுண்ணியை முன்னே தள்ளத் தள்ள, வளையம் அதன் தலையிலிருந்து வால் பக்கமாக நகர்கிறது. இறுக்கமான வளையல் விரல்களைத் தாண்டி மணிக்கட்டுக்கு இறங்குமே, அதே மாதிரி. போகிற போக்கில் தன் மேல் இருந்த பல புரதங்களையும் சட்டை கழற்றுவது போல வெட்டி வெளியிலேயே விட்டுவிடுகிறது.

ஆறாம் கட்டம் - கதவைச் சாத்துதல்: ஒட்டுண்ணி சிவப்பணுவின் சவ்வைக் கிழித்துக்கொண்டு போவதில்லை. பாதி காற்றடித்த பலூனில் விரலை அழுத்தினால் ரப்பர் விரலைச் சுற்றி உள்வாங்குகிறது அல்லவா? அப்படித்தான் சவ்வு உள்வாங்கி ஒட்டுண்ணியைச் சுற்றிக்கொள்கிறது. கடைசியில் பின்பக்கம் மூடிக்கொள்ள, ஒட்டுண்ணி தனக்கென்று ஒரு பைக்குள் பத்திரமாக உட்கார்ந்துவிடுகிறது.

கொஞ்ச நேரம் சிவப்பணு சுருங்கி, முள்முள்ளாகத் தோன்றும். சில நிமிடங்களில் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஒரு கொல்கத்தா தொடர்பு

1932-ல் கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ராபர்ட் நோல்ஸ், பி.எம். தாஸ் குப்தா இருவரும் குரங்குகளைத் தாக்கும் ஒரு மலேரியா ஒட்டுண்ணியை ஆராய்ந்து, அது மனிதர்களுக்கும் தொற்றக்கூடியது என்று காட்டினார்கள். பின்னர் நோல்ஸின் பெயரால் அதற்கு 'நோலெசி' என்று பெயர் வந்தது.

இந்த நோலெசியின் மெரோசோய்ட் கொஞ்சம் பெரியது. ஃபால்சிபாரத்தோடு ஒப்பிட்டால் வெளியே கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கும். அதனால் படம் பிடிப்பது எளிது. 1975-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள், நோலெசி சிவப்பணுவுக்குள் நுழையும் காட்சியைப் படம் பிடித்து வெளியிட்டார்கள். ஒட்டுதல், நெளிதல், நுழைதல் என்று மேலே சொன்ன வரிசை அதில் நேரடியாகத் தெரிந்தது.

அதே ஆண்டு, அதே நிறுவனத்தைச் சேர்ந்த லூயிஸ் மில்லர் குழு இன்னொன்றைக் கவனித்தது. 'டஃபி' என்ற ரத்த வகைப் புரதம் இல்லாத சிவப்பணுக்களுக்குள் நோலெசியால் நுழைய முடியவில்லை. அடுத்த ஆண்டே, விவாக்ஸுக்கும் இதே கதைதான் என்று அவர்கள் காட்டினார்கள்.

மேற்கு ஆப்பிரிக்காவில் விவாக்ஸ் ஏன் மிக அரிதாக இருக்கிறது என்ற பழைய புதிருக்கு விடை இப்படித்தான் கிடைத்தது. அங்கே ஏறக்குறைய எல்லோருடைய சிவப்பணுக்களிலும் டஃபி புரதம் கிடையாது. பூட்டே இல்லாத இடத்தில் சாவியை வைத்துக்கொண்டு விவாக்ஸ் என்ன செய்யும்? (ஆனால் மடகாஸ்கர், எத்தியோப்பியா போன்ற நாடுகளில் டஃபி இல்லாதவர்களிடமும் விவாக்ஸ் தொற்று பதிவாகியிருக்கிறது. ஒட்டுண்ணியும் சும்மா இருப்பதில்லை.)

இந்தியர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு டஃபி புரதம் உண்டு. ஆகவே விவாக்ஸுக்கு இங்கே வாசல் திறந்தே இருக்கிறது.

விவாக்ஸுக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. அது எல்லா சிவப்பணுக்களையும் தொடாது. எலும்பு மஜ்ஜையிலிருந்து புதிதாக வந்த இளம் சிவப்பணுக்களையே தேடிப் போகும். இவை ரத்தத்தில் 1 முதல் 2 சதவீதம்தான் இருக்கும். அதனால் விவாக்ஸ் நோயாளியின் ரத்தத்தில் ஒட்டுண்ணியின் எண்ணிக்கை பொதுவாகக் குறைவு. இளசு, முற்றல் என்று பார்க்காமல் எதற்குள்ளும் நுழைவது ஃபால்சிபாரம். அதன் ஆபத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, உள்ளே போயாச்சு. அடுத்து?

சாப்பாடு, வளர்ச்சி, பெருக்கம். அவ்வளவுதான். ஃபால்சிபாரமும் விவாக்ஸும் சுமார் 48 மணி நேரத்தில் இதை முடிக்கின்றன. மலேரியே வகைக்கு 72 மணி நேரம், நோலெசிக்கு 24 மணி நேரம் ஆகும்.

இதற்குள் சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் பெரும்பகுதியை ஒட்டுண்ணி தின்றுவிடுகிறது. அதில் மிஞ்சும் இரும்புச் சத்துள்ள 'ஹீம்' என்ற பொருள் ஒட்டுண்ணிக்கே விஷம். அதனால் அதைப் படிகமாக மாற்றி ஒதுக்கி வைக்கும். குளோரோகுயின் மருந்து இந்தப் படிகமாக்கும் வேலையைத்தான் தடுக்கிறது. தன் குப்பையை அகற்ற முடியாமல் ஒட்டுண்ணி செத்துப்போகிறது.

முடிவில் ஒரு ஃபால்சிபாரம், பொதுவாக 16 முதல் 32 வரையான புது மெரோசோய்ட்டுகளாகப் பிரியும். சிவப்பணு வெடிக்கும். ஒட்டுண்ணியோடு அதன் கழிவுகளும் ரத்தத்தில் கலக்க, உடம்பு குளிரும் காய்ச்சலுமாகப் பதில் சொல்கிறது. சிவப்பணு வெடிப்பதும் காய்ச்சல் ஏறுவதும் ஒரே நேரத்தில் நடப்பதை 1880-களிலேயே இத்தாலிய மருத்துவர் காமில்லோ கோல்ஜி கவனித்துச் சொல்லியிருந்தார்.

வெளியே வரும் எல்லா மெரோசோய்ட்டும் பிழைப்பதில்லை. ஆனாலும் ஒரு சுற்றுக்கு 10 மடங்கு பெருகும் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 லட்சத்தில் தொடங்கினால் 2 நாளில் 10 லட்சம். 4 நாளில் 1 கோடி. 8 நாளில் 100 கோடி. மலேரியாவில் ஒவ்வொரு நாள் தாமதமும் ஏன் இவ்வளவு ஆபத்து என்பது இதில் புரியும்.

ஃபால்சிபாரம் இன்னொரு வேலையும் செய்கிறது. தான் குடியிருக்கும் சிவப்பணுவின் மேற்பரப்பில் ஒட்டும் தன்மையுள்ள புரதங்களை முளைக்க வைக்கிறது. அந்த அணு, நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொண்டு நகராமல் நின்றுவிடும். பழுதான சிவப்பணுக்களை வடிகட்டும் மண்ணீரலிடம் சிக்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு. ஆனால் மூளையின் ரத்தக் குழாய்களில் இப்படி அடைத்துக்கொண்டால் நினைவிழப்பு, வலிப்பு, மரணம் வரை போகலாம். கர்ப்பிணிகளுக்கு நஞ்சுக்கொடியில் தேங்கி, தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்தாகிறது.

ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சிறு பகுதி ஒட்டுண்ணிகள் பெருகுவதை நிறுத்திவிட்டு, ஆண், பெண் வடிவங்களாக மாறுகின்றன. கடிக்கும் கொசு எடுத்துப்போவது இவற்றைத்தான். அடுத்த ஆளுக்கு நோய் போகும் பாதையும் சிவப்பணு வழியாகத்தான் செல்கிறது.

பூட்டை மாற்றிக்கொண்ட மனிதர்கள்

மலேரியா பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதர்களைக் கொன்றுவருகிறது. அதனால் சிவப்பணுவில் ஏற்பட்ட சில மரபணு மாற்றங்கள் உயிர் காக்கும் கவசமாகவே நிலைத்துவிட்டன. டஃபி இல்லாமல் போனது ஒரு உதாரணம்.

கென்யாவில் சிலரிடம் காணப்படும் 'டான்ட்டு' என்ற ரத்த வகை இன்னொன்று. இவர்களுக்குத் தீவிர மலேரியா வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைவு. காரணம் என்ன என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது: இவர்களுடைய சிவப்பணுவின் சவ்வு வழக்கத்தைவிட விறைப்பாக இருக்கிறது. விறைப்பு ஒரு அளவைத் தாண்டிவிட்டால் மெரோசோய்ட்டால் அதை வளைக்க முடிவதில்லை. முழுக்கக் காற்றடித்த பலூனில் விரலை அழுத்திப் பார்த்தால் இது புரியும். சாவி சரியாகப் பொருந்தினாலும் கதவு அசையாது.

அரிவாள் செல் மரபணு வேறு மாதிரி. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணுவைப் பெற்றவர்களுக்குத் தீவிர மலேரியாவிலிருந்து நல்ல பாதுகாப்பு கிடைக்கிறது. ஒட்டுண்ணி உள்ளே நுழைவதைவிட, நுழைந்த பிறகு அது வளர்வதையே இந்த மரபணு அதிகமாகக் கெடுக்கிறது. ஆனால் இரண்டு பக்கமிருந்தும் வந்தால், அதுவே வாழ்நாள் முழுவதும் வதைக்கும் அரிவாள் செல் ரத்தசோகை.

இந்தியாவில் இந்த மரபணு முதன்முதலில் பதிவானது 1952-ல், நீலகிரி மலைப் பழங்குடி மக்களிடம். ஒடிஷா, சத்தீஸ்கர், மத்திய பிரதேசம் என்று மலேரியா காலங்காலமாக ஆட்டிப்படைத்த பழங்குடிப் பகுதிகளில் இது இன்று அதிகம் காணப்படுவது தற்செயல் இல்லை. மலேரியாவிலிருந்து காத்த பரம்பரைச் சொத்துக்கு அந்த மக்கள் இன்றும் விலை கொடுக்கிறார்கள். 2047-க்குள் அரிவாள் செல் நோயை ஒழிக்கும் இலக்கோடு 2023 ஜூலையில் மத்திய அரசு தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது.

ஒரு நிமிடத்தை வழிமறிக்கும் தடுப்பூசி வருமா?

இப்போது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் மலேரியா தடுப்பூசிகள் இரண்டு. 2021-ல் பரிந்துரைக்கப்பட்ட ஆர்டிஎஸ்,எஸ். 2023-ல் பரிந்துரைக்கப்பட்ட ஆர்21. ஆர்21-ஐ ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவாக்கி, தயாரிப்பது புனேவின் சீரம் இன்ஸ்டிடியூட். இவை பெரும்பாலும் ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்குப் போடப்படுகின்றன.

இரண்டுமே ஒட்டுண்ணி கல்லீரலுக்குப் போவதைத் தடுக்கப் பார்க்கின்றன. அந்த வேலியைத் தாண்டி ஒரே ஒரு ஒட்டுண்ணி தப்பித்தாலும், கல்லீரலில் பெருகி ரத்தத்துக்கு வந்துவிடும். ரத்தத்தில் நடக்கும் ஊடுருவலை இந்தத் தடுப்பூசிகளால் தடுக்க முடியாது. எனவே சிவப்பணுவின் வாசலில் இரண்டாவது காவல் ஒன்று வேண்டும்.

அது லேசான வேலை இல்லை. மெரோசோய்ட் தன் முக்கியமான சாவிகளைக் கடைசி சில விநாடிகள் வரை பைக்குள்ளேயே ஒளித்து வைக்கிறது. வெளியே எடுத்து, பூட்டில் போட்டு, உள்ளே போவதற்குள் ஆன்டிபாடி அதைப் பிடித்தாக வேண்டும். அதற்கு ரத்தத்தில் ஆன்டிபாடி எக்கச்சக்கமாக இருக்க வேண்டும். இன்னொரு தொல்லை, சாவிகளின் வடிவம் ரகத்துக்கு ரகம் மாறுவது. ஏஎம்ஏ1 புரதத்தைக் குறிவைத்த தடுப்பூசி மாலி நாட்டுக் குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டபோது, ஒட்டுமொத்தமாக எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. தடுப்பூசியில் இருந்த ரகத்தை ஒத்தவற்றிடம் மட்டும் ஓரளவு வேலை செய்தது.

இங்கேதான் ஆர்ஹெச்5 மறுபடியும் வருகிறது. மாற்று இல்லாத சாவி, ரகத்துக்கு ரகம் அதிகம் மாறாத சாவி. இதைக் குறிவைத்து ஆக்ஸ்ஃபோர்டு குழு உருவாக்கிய தடுப்பூசியை புர்கினா ஃபாசோவில் 5 முதல் 17 மாதக் குழந்தைகளிடம் சோதித்தார்கள். 2024 இறுதியில் முடிவுகள் வெளியாயின. மூன்றாவது தவணையைத் தள்ளிப் போட்ட குழந்தைகளிடம், 6 மாதக் காலத்தில் மலேரியா பாதிப்பு சுமார் 55 சதவீதம் குறைந்தது. ரத்த நிலைத் தடுப்பூசிகளின் வரலாற்றில் இது பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் இன்னும் பெரிய அளவில் சோதனைகள் நடக்க வேண்டும்.

இந்தியாவுக்கு அதிகம் தேவைப்படுவது விவாக்ஸ் தடுப்பூசி. டஃபி பூட்டில் பொருந்தும் விவாக்ஸ் சாவியின் சரியான பகுதி எது என்று 1994-ல் லூயிஸ் மில்லரோடு சேர்ந்து கண்டறிந்தவர் சேத்தன் சிட்னிஸ். பிறகு டெல்லியில் உள்ள சர்வதேச மரபணுப் பொறியியல் மற்றும் உயிரித்தொழில்நுட்ப மையத்தில் அவரது குழு அதைத் தடுப்பூசியாக்கும் வேலையில் பல ஆண்டுகள் ஈடுபட்டது. அந்தப் புரதத்தை அடிப்படையாகக் கொண்ட தடுப்பூசியை பிரிட்டனில் தன்னார்வலர்களுக்குப் போட்டு, பிறகு அவர்களுக்கு விவாக்ஸ் தொற்றை ஏற்படுத்திச் சோதித்தபோது, ரத்தத்தில் ஒட்டுண்ணி பெருகும் வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 2023-ல் இது வெளியானது. முழு வெற்றி இல்லை. ஆனால் வாசலை மறிக்க முடியும் என்பதற்கான ஆதாரம்.

இந்தியா எங்கே நிற்கிறது?

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2023-ல் உலகம் முழுவதும் 26.3 கோடி பேருக்கு மலேரியா வந்தது, 5.97 லட்சம் பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள்.

இந்தியாவில் நிலைமை வெகுவாக மாறியிருக்கிறது. அரசின் பதிவுகளின்படி, 2015-ல் 11.69 லட்சமாக இருந்த மலேரியா பாதிப்பு, 2023-ல் சுமார் 2.27 லட்சமாகக் குறைந்தது. ஒடிஷாவின் மலைக் கிராமங்களில் முகாம் போட்டு, காய்ச்சல் இல்லாதவர்களையும் சேர்த்துப் பரிசோதித்தது, மருந்து தடவிய கொசுவலைகள், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சில நிமிடங்களில் முடிவு சொல்லும் கருவியோடு வீடு தேடி வரும் ஆஷா பணியாளர்கள் என்று பலதும் சேர்ந்த பலன் இது. 2030-க்குள் மலேரியாவை ஒழிப்பது நாட்டின் இலக்கு. பக்கத்தில் இருக்கும் இலங்கை 2016-லேயே மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழைப் பெற்றுவிட்டது.

'மலேரியா காட்டுப் பகுதி நோய்தானே' என்று நகரவாசிகள் அலட்சியமாக இருக்க முடியாது. அனோஃபிலஸ் ஸ்டீஃபென்சி என்ற கொசு, மாடித் தண்ணீர்த் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடும். சென்னை போன்ற நகரங்களில் விவாக்ஸ் பரவ இதுதான் முக்கியக் காரணம்.

நீங்கள் கவனிக்க வேண்டியது என்ன?

நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், குறிப்பாக மலேரியா உள்ள பகுதிக்குப் போய்வந்த பிறகு வந்தால், உடனே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 'ஒரு நாள் விட்டு ஒரு நாள்' என்ற ஒழுங்கு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஃபால்சிபாரத்தில் பல நேரம் அந்த ஒழுங்கு இருக்கவே இருக்காது.

எந்த வகை மலேரியா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏனென்றால் சிகிச்சை வேறு. ஃபால்சிபாரத்துக்கு ஆர்ட்டிமிசினின் கலந்த கூட்டு மருந்து. விவாக்ஸுக்கு வழக்கமாக 3 நாள் குளோரோகுயின், அதோடு 14 நாள் பிரைமாகுயின்.

இந்த 14 நாள் மாத்திரையைத்தான் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். குளோரோகுயின் சிவப்பணுவில் இருக்கும் ஒட்டுண்ணியைக் கொன்றதும் காய்ச்சல் நின்றுவிடும். ஆளும் எழுந்து வேலைக்குப் போய்விடுவார். ஆனால் விவாக்ஸ் தன் ஆட்களில் சிலரைக் கல்லீரலிலேயே தூங்க வைத்திருக்கும். அவர்கள் சில வாரங்கள் கழித்தோ, சில மாதங்கள் கழித்தோ எழுந்து ரத்தத்துக்கு வருவார்கள். புதிதாகக் கொசு கடிக்காமலேயே மறுபடியும் அதே ஊடுருவல், அதே வெடிப்பு, அதே நடுக்கம். தூங்கும் ஒட்டுண்ணிகளைக் கொல்வது பிரைமாகுயின்தான்.

பிரைமாகுயினை நீங்களாகக் கடையில் வாங்கிச் சாப்பிடக் கூடாது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அது சிவப்பணுக்களையே சிதைத்துவிடும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் கொடுப்பதில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்தால், காய்ச்சல் நின்ற பிறகும் கடைசி மாத்திரை வரை சாப்பிட்டு முடிக்க வேண்டும். சாப்பிடும் நாட்களில் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனாலோ, மூச்சு வாங்கினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.